சப்பாத்திக்கு மாறச் சொல்பவர்களும் சப்பாத்தியை நிறுத்தச் சொல்பவர்களும்: குளூட்டன் பற்றி ஓர் எளிய விளக்கம்

வேலூரில் ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்த மறுநாளே அக்கம்பக்கத்திலிருந்து முதல் யோசனை வந்துவிடும்: “ராத்திரி சோறு வேணாம்க்கா, ரெண்டு சப்பாத்தி போதும்.” அதே தெருவில் இன்னொருவர் செல்போனில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, “கோதுமையில குளூட்டன் இருக்காம். அதை நிறுத்தினா மூட்டுவலி, தைராய்டு, தொப்பை எல்லாம் போயிடுமாம்” என்பார். இன்னொரு வீட்டில், ஆயுசுக்கும் கோதுமை கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய ஒரு பெண்ணிடம் கேக் துண்டை நீட்டி, “ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது” என்கிறார்கள்.

மூவரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் குளூட்டன் என்பது என்ன, அது யாருடைய உடம்பில் என்ன செய்கிறது என்று தெரியாமல் பேசுவதால், விடத் தேவையில்லாதவர்கள் விடுகிறார்கள். கட்டாயம் விட வேண்டியவர்கள் அரைகுறையாக விடுகிறார்கள். நீண்ட நாள் நோயோடு வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டுமே உடம்பைப் பாதிக்கும்.

பரோட்டா மாவில் இழுபடுவது எது?

பரோட்டா மாஸ்டர் ஒரு உருண்டை மைதாவை வீசி, கண்ணாடி போல மெல்லிசாக விரிக்கிறார். மாவு கிழிவதில்லை. கேழ்வரகு மாவைப் பிசைந்து அப்படி வீச முடியுமா? உதிர்ந்துவிடும். அதனால்தான் ராகி அடையை வீசாமல், உருட்டாமல், கையால் தட்டிப் போடுகிறோம். இந்த வித்தியாசத்துக்குக் காரணமான பொருள்தான் குளூட்டன்.

வீட்டிலேயே அதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு எலுமிச்சை அளவு மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீரில் மெதுவாகப் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும், அது மாவுச்சத்து. தண்ணீரை நாலைந்து முறை மாற்றிய பிறகு கையில் ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு சிறு உருண்டை மிஞ்சும். அதுதான் குளூட்டன். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுக்கும்போது மிஞ்சும் சக்கையில் இது நிறைய இருக்கும். ஆனால் பாலிலும் கலந்துதான் வரும் என்பதால், “சக்கையை எடுத்துட்டோமே” என்று அல்வாவைச் சாப்பிட முடியாது.

ஆக, குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை என்னும் மூன்று தானியங்களில் உள்ள ஒரு புரதக் கூட்டம். ரை நம் ஊரில் புழங்குவதில்லை. மைதா, வெள்ளை ரவை, சேமியா, பன், ரஸ்க், பிரெட் எல்லாம் கோதுமையின் பிள்ளைகள். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, தினை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், பருப்பு வகைகள், உளுந்து, கடலை மாவு, ஜவ்வரிசி, கிழங்குகள் ஆகியவற்றில் இது இயல்பாகவே கிடையாது.

பெயர்கள் மட்டும் ஏமாற்றும். சீரகச் சம்பா அரிசி. சம்பா ரவை கோதுமை. அரிசி ரவை, சோள ரவை பயமில்லை. வெறும் ‘ரவை’ என்றால் கோதுமை. கவுனி அரிசி பசை போல ஒட்டினாலும் அதில் குளூட்டன் இல்லை. அஜினோமோட்டோவின் ரசாயனப் பெயரான குளூட்டமேட் காதுக்குக் குளூட்டன் போலக் கேட்கும், இரண்டும் வேறு.

டர்க்கி டவல் வழவழத் துணியானால்

சிறுகுடலின் உட்புறத்தை ஒரு டர்க்கி டவலாக நினைத்துக்கொள்ளுங்கள். டவலின் மேல் ஆயிரக்கணக்கான நூல் கண்ணிகள் நிற்பதால்தான் அது தண்ணீரை அப்படி உறிஞ்சுகிறது. சிறுகுடலிலும் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட எட்டாத விரல் போன்ற நீட்சிகள் அடர்ந்து நிற்கின்றன. பள்ளிப் பாடத்தில் படித்த குடலுறிஞ்சிகள் இவைதான். இரும்பு, கால்சியம், வைட்டமின்கள், சர்க்கரை எல்லாம் இவை வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகின்றன.

மற்ற புரதங்களை நம் செரிமான நீர்கள் துண்டு துண்டாக வெட்டிவிடும். குளூட்டனை மட்டும் முழுசாக வெட்ட முடிவதில்லை. நீளமான சில துண்டுகள் மிஞ்சுகின்றன. இது எல்லோருடைய வயிற்றிலும் நடப்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களில் சிலருக்கு, உடம்பின் காவல்படை அந்தத் துண்டைக் கிருமி என்று நினைத்துப் போர் தொடுக்கிறது. அந்தச் சண்டையில் சொந்தக் குடலே அடி வாங்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து, கடைசியில் தட்டையாகிவிடும். டவல் வழவழத் துணியாகிவிட்டது. இனி எதைச் சாப்பிட்டாலும் பாதி வெளியே போகும்.

இதுதான் சீலியாக் நோய். காவல்படை தன் வீட்டையே தாக்கும் இவ்வகை நோய்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய் என்று பெயர். முதல் வகைச் சர்க்கரை நோயும், தைராய்டு சுரப்பி மெல்ல மெல்ல அழியும் ஹாஷிமோட்டோ நோயும் இதே குடும்பம். அதனால்தான் ஒருவருக்கே இவற்றில் இரண்டு சேர்ந்து வருவதும் உண்டு.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் போரால் நெதர்லாந்தில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம். ஊரே வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். ஏற்கெனவே அவருக்கு இருந்த சந்தேகம் உறுதியானது.

சுருக்கமாக இதுவரை: குளூட்டன் எல்லோருக்கும் நஞ்சு என்பது தவறு. அது சிலரின் காவல்படையைத் தவறான ஆள்மேல் ஏவிவிடுகிறது. குளூட்டன் நின்றால் சண்டை நிற்கும். சண்டை நின்றால் டவல் மறுபடி வளரும். இதற்கு மருந்து மாத்திரை இன்று கிடையாது. சாப்பாடுதான் சிகிச்சை.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகை, மேலே சொன்ன சீலியாக். இவர்கள் ஆயுள் முழுக்க, பொட்டுக்கூட விடாமல் தவிர்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருந்தால்தான் சீலியாக் என்று நினைக்க வேண்டாம். மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை, வளராத குழந்தை, வாய்ப்புண், எலும்பு வலி, திரும்பத் திரும்பக் கருக்கலைவது, முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் கொப்புளங்கள் என்று பல முகங்களில் அது வரும். இரும்புச்சத்து உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் முதல் பகுதி. சீலியாக்கில் முதலில் அடிபடுவதும் அதே இடம். மாத்திரையைக் குறைசொல்லிப் பயனில்லை.

இரண்டாவது வகை கோதுமை ஒவ்வாமை. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வரும். இது வேர்க்கடலை ஒவ்வாமை போன்றது. குடலைத் தட்டையாக்காது, ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்றாவது வகை, பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறவர்கள். இவர்களில் பலருக்குக் கோதுமையில் உள்ள, குடலில் புளித்துக் காற்றாகும் ஒருவகைச் சர்க்கரையே காரணம். வெங்காயம், பூண்டிலும் அது உண்டு. இவர்கள் தாங்கும் அளவுக்குக் குறைத்தால் போதும்; துளித் துளியாகப் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் வகைச் சர்க்கரை, முடக்குவாதம், தைராய்டு, உடல் பருமன் ஆகியவை மட்டுமே உள்ளவர், சீலியாக் இல்லாதவர், குளூட்டனை விட்டால் அந்த நோய் தீரும் என்பதற்குத் திடமான சான்று இல்லை. பரோட்டா, பிஸ்கட், பன்னை நிறுத்தியதால் எடை குறைந்தால் அது எண்ணெயும் சர்க்கரையும் குறைந்ததன் பலன்.

நம் பக்கம் சீலியாக் குறைவு என்பது உண்மை. 2016இல் வெளிவந்த ஒரு பெரிய இந்திய ஆய்வில் வடக்கே ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கும், தெற்கே ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கும் இருந்தது. மரபணு இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். குறைவு என்பதாலேயே இங்கே அது யார் நினைவுக்கும் எளிதில் வருவதில்லை.

நிறுத்துவதற்கு முன் ரத்தம் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்தாதீர்கள். காவல்படை உருவாக்கும் ஆயுதங்களுக்கு ஆன்டிபாடி என்று பெயர். சீலியாக்குக்கான முதல் பரிசோதனை, ‘டிடிஜி ஐஜிஏ’ என்ற ஆன்டிபாடியின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ஐஜிஏ என்பது ஆன்டிபாடியில் ஒரு வகை; கூடவே அதன் மொத்த அளவையும் பார்க்க வேண்டும். சிலர் உடம்பில் ஐஜிஏவே குறைவு; அவர்களுக்கு நோய் இருந்தும் ரிப்போர்ட் ‘இல்லை’ என்று வரும்.

கோதுமையை நிறுத்திப் பல மாதம் ஆனவருக்குச் சண்டை ஓய்ந்திருக்கும், ஆன்டிபாடியும் குறைந்திருக்கும், குடலும் தேறியிருக்கும். பரிசோதனை எதையும் காட்டாது. அப்புறம் மருத்துவர் கண்காணிப்பில் தினம் இரண்டு சப்பாத்தியாவது ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்க நேரும். உடம்பு தேறிய பிறகு அந்த எட்டு வாரம் பெரும் பாடு.

ரத்தத்தில் தெரிந்தால் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து நாலைந்து இடங்களில் அரிசி நொய் அளவு சதை எடுத்துப் பார்ப்பார்கள். தேய்மானம் திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒரே ஒரு துண்டு போதாது. ஆன்டிபாடி மிக அதிகமாக உள்ள குழந்தைகளுக்குச் சில சமயம் இது தேவைப்படாது. மருத்துவர் முடிவு செய்வார்.

குடல் தட்டையாக இருப்பதை மட்டும் வைத்துக் கோதுமைமேல் பழி போடவும் கூடாது. இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் வடாற்காடு கிராமங்களில் நீண்ட நாள் வயிற்றுப்போக்கும் உடல் மெலிவும் கொள்ளைநோய் போலப் பரவின. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். அது ‘டிராப்பிகல் ஸ்ப்ரூ’ என்ற வேறு நோய். அதிலும் குடலுறிஞ்சிகள் தேயும். அதற்குச் சிகிச்சை ஆன்டிபயாடிக்கும் ஃபோலிக் அமிலமும்தான். கோதுமையை விட்டால் குணமாகாது. குடல் காசநோய், சில ஒட்டுண்ணிகளும் இதே போலத் தோற்றம் காட்டலாம்.

‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு?

பத்தியம் நமக்குப் பழக்கமான சொல். ஒரு மண்டலம் இருந்து, பத்தியம் முறித்து, பழையபடி சாப்பிடுவோம். குளூட்டன் விஷயத்தில் முறிப்பு கிடையாது. அளவும் அப்படித்தான்.

30 கிராம் கோதுமை மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ள பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்குப் பாதுகாப்பான எல்லை 10 மில்லிகிராம் என்று கருதப்படுகிறது. அந்தச் சப்பாத்தியை 250 பங்காகப் பிய்த்தால் ஒரு பங்கு. தட்டில் உதிரும் துணுக்கு அளவுதான். வயிறு வலிக்கவில்லை என்பது சான்றாகாது. வலியே இல்லாமல் குடல் தேயும்.

பாக்கெட்டில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதி. ‘கோதுமை இல்லை’ என்று மட்டும் போட்டிருந்தால் பார்லி இருக்கலாம். கேழ்வரகுப் படம் போட்ட சேமியாவிலும் பிஸ்கட்டிலும் பாதிக்கு மேல் கோதுமையோ மைதாவோ இருப்பது சாதாரணம். படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

சுருக்கமாக: முதலில் பரிசோதனை, அப்புறம் நிறுத்தம். நிறுத்தினால் முழுசாக, துணுக்கு அளவிலும்.

நம் சமையலறையில் அது ஒளிந்திருக்கும் இடங்கள்

வடாற்காட்டுக்காரருக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. களி, கீரைக் கடைசல், கம்பங்கூழ், இட்லி, சோறு, குழம்பு, சவ்வாது மலைச் சாமை என்று நம் அன்றாடச் சாப்பாடே பெரும்பாலும் குளூட்டன் இல்லாதது. விலை கூடிய குளூட்டன் ஃப்ரீ பிரெட்டும் பாஸ்தாவும் தேவையே இல்லை; அவற்றில் ஸ்டார்ச்சும் கொழுப்பும் சர்க்கரையும்தான் அதிகம். நமக்கு ஆபத்து தானியத்தைவிடச் சேர்மானத்திலும் அரைக்கும் இடத்திலும்தான்.

மாவு மில்லிலிருந்து தொடங்குவோம். முன்னால் நின்றவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்திருப்பார். கல்லிடுக்கிலும், மாவு விழும் துணிக்குழாயிலும் அவருடைய மாவு பிடித்திருக்கும். அடுத்து உங்கள் கேழ்வரகு விழுகிறது. மில்லுக்காரர் ஒரு கைப்பிடி ஓட்டித் தள்ளிவிட்டாலும் அது போதாது. ஒரு கிலோ மாவில் அரை ஸ்பூன் கோதுமை கலந்தாலே 20 மில்லிகிராம் எல்லையைப் பல மடங்கு தாண்டிவிடும். முதல் அரைப்பாகக் காலையில் போனாலும் நேற்று மாலை கடைசியாக என்ன அரைத்தார்கள் என்று தெரியாது. கோதுமையே போடாத தனி இயந்திரம் இருக்கும் மில் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் வீட்டு மிக்ஸியில் கால் கிலோ கால் கிலோவாக அரைத்துப் புதிதாக வாங்கிய சல்லடையில் சலிப்பதே வழி. பழைய சல்லடையைக் கழுவிப் பயனில்லை. கண்ணிகளில் மாவு தங்கிவிடும்.

தானியத்தையும் கவனிக்க வேண்டும். சில்லறைக் கடையில் மூட்டை மூட்டையாகத் திறந்து வைத்து, ஒரே படியால் அள்ளிப் போடுவார்கள். வாங்கி வந்ததும் முறத்தில் பரப்பிக் கோதுமை மணிகளைப் பொறுக்கி, மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து அரையுங்கள்.

அடுத்தது பெருங்காயம். கடையில் கிடைக்கும் தூளும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்த்தது. கால் கிராம் தூளில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிட்டிகையிலேயே சுமார் 10 மில்லிகிராம் குளூட்டன். நாலு பேர் பகிர்ந்தாலும் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், கடைச் சாம்பார் பொடி என்று ஒரு நாளில் கூடிவிடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் என்று லேபிளில் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், பூண்டு, சீரகம் தட்டிப் போட்டால் ரசம் கெட்டுப்போகாது. வீட்டில் வெங்காயம், உளுந்து, கடுகு சேர்த்து உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகத்தைத் தாராளமாகப் போடலாம்.

நோயாளிக்கு நல்லது என்று கொடுப்பதில்தான் இரண்டு பெரிய கண்ணிகள் உள்ளன. ஒன்று பார்லிக் கஞ்சி. நீர்க்கடுப்பு, கால் வீக்கம், சிறுநீரகக் கல் என்றால் உடனே பார்லி வேகவைப்போம். வடிகட்டிய தண்ணீரிலும் குளூட்டன் உண்டு. இன்னொன்று சத்துமாவு. அதில் வறுத்த கோதுமையும் பார்லியும் வழக்கமான சேர்மானம். மால்ட் என்ற சொல் உள்ள பானப் பொடிகள் பெரும்பாலும் முளைகட்டிய பார்லிதான். ஓட்ஸில் இயல்பாக இல்லாவிட்டாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. தொடக்கத்தில் தவிர்த்துவிட்டு, பிறகு மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்கலாம்.

வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. சப்பாத்திப் பலகை, கட்டை, தோசைக்கல், சல்லடை, மரக் கரண்டி, தேய்க்கும் நார் ஆகியவை நோயாளிக்குத் தனியாக இருந்தால் போதும். எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சரியாகிவிடும். நெய், ஜாம், ஊறுகாய் டப்பாக்களில் சப்பாத்தித் துணுக்கு ஒட்டிய ஸ்பூனை விடாதபடி தனி டப்பா வையுங்கள். பூரி பொரித்த எண்ணெயில் வடை பொரிக்கக் கூடாது. தீயில் போனால் எல்லாம் போய்விடும் என்பார்கள். கிருமி சாகும், குளூட்டன் சாகாது. கோதுமை மாவு பிசையும் நேரத்தில் மாவு பறந்து பக்கத்துப் பாத்திரத்தில் படியும் என்பதால், நோயாளியின் சமையலை முதலில் முடித்து மூடிவிடுவது நல்லது. சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து மருத்துவமனைப் பக்கம் அறை எடுத்துச் சமைப்பவர்கள், அங்கிருக்கும் தோசைக்கல்லை நம்பாமல் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

வெளியே சாப்பிடும்போது

ஓட்டலில் ‘குளூட்டன் இல்லாமல்’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. கேள்வியைச் சமையல்காரர் மொழியில் கேளுங்கள்: “மாஸ்டர், இந்தக் கல்லுல ரவா தோசை, பரோட்டா போடுறீங்களா? தோசை மாவுல முறுகலுக்கு ரவை, மைதா சேர்க்கிறீங்களா? வடை பொரிக்கிற எண்ணெயில பூரி போடுறீங்களா?” மூன்றுக்கும் இல்லை என்றால் சாப்பிடலாம். சந்தேகம் என்றால் இட்லியும் சட்னியும் பாதுகாப்பு. சாம்பாரில் பெருங்காயம் இருக்கும்.

ஆம்பூர் பிரியாணி சீரகச் சம்பா அரிசி, கறி, தயிர், மிளகாய் விழுது. கோதுமைக்கு அதில் இடமில்லை. சில இடங்களில் தம் போடும்போது மூடியை மாவு பிசைந்து ஒட்டுவார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் வைக்கும் சிக்கன் 65-இல் மைதா இருக்கலாம். ஹலீம் கோதுமையில் செய்வது. ஆற்காடு மக்கன் பேடா மைதாவும் கோவாவும் சேர்ந்தது என்பதால் அதை விட்டுவிடத்தான் வேண்டும், வருத்தமான விஷயம்தான். ஜாங்கிரி உளுந்து, ஜிலேபி மைதா. மைசூர்பாக்கும் லட்டும் கடலை மாவு. எல்லை ஊர்களில் ஒரே பெயருக்கு இரண்டு பண்டம் உண்டு: தமிழ்நாட்டுப் பக்கம் மைசூர் போண்டா உளுந்தில், ஆந்திரப் பக்கம் மைதாவும் தயிரும். காட்பாடி, குடியாத்தம் பக்கம் கேட்காமல் வாயில் போடாதீர்கள்.

தேவாலயத்தில் நற்கருணை அப்பம் கோதுமையில் செய்தது. கத்தோலிக்கத் திருச்சபை குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை அனுமதிக்கிறது. அதுவும் முடியாதவர்கள் திராட்சை ரசம் மட்டும் பெறலாம். மற்றவர்கள் அப்பம் தோய்க்காத தனிக் கிண்ணத்திலிருந்து தரும்படி குருவிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சுகர், தைராய்டு, ரத்தசோகை சேர்ந்திருந்தால்

சீலியாக்கும் சர்க்கரையும் சேர்ந்தவருக்கு அந்தச் ‘ரெண்டு சப்பாத்தி’ யோசனை நேரடி ஆபத்து. அதற்குப் பதில் என்ன என்பதைக் கணக்காகப் பார்த்தால் பயம் போகும். தலா 30 கிராம் மாவில் சுட்ட இரண்டு சப்பாத்தி, ஒரு கப் சோறு (சுமார் 150 கிராம்), 60 கிராம் ராகி மாவில் கிண்டிய ஒரு உருண்டை களி: மூன்றிலும் மாவுச்சத்து ஏறத்தாழ 40 முதல் 45 கிராம்தான். களியில் நொய் சேர்த்தால் இன்னும் கூடும். சப்பாத்தி மருந்தும் இல்லை, சோறு எதிரியும் இல்லை; தட்டில் விழும் அளவும், கூடவே இருக்கும் பருப்பு, கீரை, சுண்டல், முட்டையும்தான் சர்க்கரையைத் தீர்மானிக்கின்றன. கூழாகக் கரைத்துக் குடிக்கும் ராகி, களியைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும்.

இன்சுலின் போடுபவர்கள் ஒன்றை எதிர்பார்த்து வைத்திருக்க வேண்டும். குடல் தட்டையாக இருந்தபோது சாப்பாடு சரியாக உறிஞ்சப்படாமல் சர்க்கரை திடீரென்று இறங்கியிருக்கும். குடல் தேறத் தேற உறிஞ்சுதல் கூடும்; இன்சுலின் தேவையும் கூடலாம். முதல் சில மாதங்கள் அடிக்கடி குத்திப் பார்த்து அளவை மருத்துவரோடு பேசி மாற்றுங்கள். தைராய்டு மாத்திரையில் இது தலைகீழ்: மாத்திரை நன்றாக உறிஞ்சப்படத் தொடங்கியதும் பழைய அளவு அதிகமாகிவிடலாம். படபடப்பு, தூக்கமின்மை வந்தால் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

பாலைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் இருப்பதால், தொடக்க மாதங்களில் பால் குடித்தால் வயிறு உப்பும். அது குளூட்டன் கலந்ததால் வந்தது என்று பயந்து சாப்பாட்டையே குறைத்துவிடுவார்கள். தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். குடல் தேறியதும் பாலும் ஒத்துக்கொள்ளும். எலும்புக்கு ராகி கைகொடுக்கும். 100 கிராமில் கிட்டத்தட்ட 350 மில்லிகிராம் கால்சியம். இரும்பு மாத்திரையையும் டீயையும் சேர்த்து எடுக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரைகளில் சேர்க்கும் ஸ்டார்ச் பெரும்பாலும் மக்காச்சோளம்தான். ஆனாலும் புதிய மருந்து வாங்கும்போது மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாட்டு மருந்துச் சூரணங்களுக்கும் அதே கேள்வி.

எப்போது குணம் தெரியும், தவறினால் என்ன செய்வது?

வயிற்றுத் தொல்லை சில வாரங்களில் குறையத் தொடங்கும். ரத்தத்தில் ஆன்டிபாடி இறங்க ஆறு மாதம் முதல் ஒரு வருஷமும் அதற்கு மேலும் ஆகும். குடல் முழுசாகத் தேறப் பெரியவர்களுக்கு இரண்டு வருஷம் தாண்டலாம். குழந்தைகள் சீக்கிரம் தேறுவார்கள். முதல் வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு வருஷம் ஒருமுறையும் டிடிஜி, ஹீமோகுளோபின், இரும்பு, பி12, வைட்டமின் டி, தைராய்டு பார்ப்பது வழக்கம். ஒரு வருஷமாகியும் டிடிஜி இறங்கவில்லை என்றால், பெரும்பாலும் எங்கோ தெரியாமல் உள்ளே போகிறது என்று பொருள். மில்லையும் பெருங்காயத்தையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் மாற்று மருந்து இல்லை. வாந்தி எடுக்க முயல வேண்டாம், பட்டினியும் வேண்டாம். தண்ணீர், கஞ்சி, வயிற்றுப்போக்கு இருந்தால் ஓஆர்எஸ். இன்சுலின் போடுபவர்கள் அன்று சர்க்கரையைக் கூடுதலாகப் பாருங்கள். எதில் வந்தது என்று கண்டுபிடித்து அதை மட்டும் நிறுத்திவிட்டு, அடுத்த வேளையிலிருந்து வழக்கம்போலச் சாப்பிடலாம். ‘எப்படியும் கெட்டுவிட்டது, இந்த வாரம் போகட்டும்’ என்று விடுவதுதான் உண்மையான சேதம்.

ஒருவருக்குச் சீலியாக் உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் டிடிஜி பார்த்துக்கொள்வது நல்லது. மரபணு குடும்பத்தில் ஓடுவதால், அறிகுறியே இல்லாமல் ஒருவருக்கு இருக்கலாம். இப்போது இல்லை என்று வந்தாலும் பின்னாளில் வரக்கூடும். ரத்தசோகையோ வளர்ச்சிக் குறைவோ தெரிந்தால் மறுபடி பாருங்கள். ஆனால் பயத்தில் பிள்ளைகளுக்குக் கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டு அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் எடுக்க வேண்டும்.